பெரியவூட்டின் பின்சுவர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எல்லாக் கட்டடத்துக்கும் ஓர் எண் உண்டு. பிளாக், சாலை, குவார்ட்டர்ஸ் எண் மூன்றையும் சொல்லிவிட்டால் புதிதாக வந்த தபால்காரர்கூட வழி தவற மாட்டார். மேற்கு ஓரத்தில், கடைசி பிளாக் முடிந்து முந்திரித் தோப்பு தொடங்கும் இடத்தில் நிற்கும் பெரியவூட்டுக்கு மட்டும் எண் கிடையாது. எண் போடுகிற ஊர் உண்டாவதற்கு நாற்பத்தைந்து வருடம் முன்பே அது அங்கே நின்றுகொண்டிருந்தது.

முள்காட்டை வெட்டித் திருத்தி அந்தப் பக்கம் முதலில் குடியேறிய குடும்பம் அதைக் கட்டியது. பதினாறு தேக்குத் தூண்கள், வானம் பார்த்த முற்றம், முழ அகலச் சுவர்கள். சுற்றிலும் இருந்த நிலமெல்லாம் அவர்களுடையது. நிலத்தில் வேலை செய்தவர்கள் கீழத்தெருவில் இருந்தார்கள். பிறகு பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது தெரிந்தது. அளவெடுக்க வந்தவர்களுக்கு உட்கார ஓர் இடம் வேண்டியிருந்ததால் பெரியவூடு முதல் அலுவலகமானது. ஊர்கள் இடம்பெயர்ந்தன, வீடுகள் இடிந்தன, கிணறுகள் தூர்ந்தன. அலுவலகம் என்பதால் அந்த வீடு மட்டும் தப்பித்தது. அப்புறம் கொஞ்ச காலம் ஸ்டோர், இரண்டு வருடம் பள்ளிக்கூடம், அதற்குப் பிறகு முப்பது வருடம் வௌவால்கள்.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் அதைச் சீரமைத்து முன்னோடிகளின் நினைவுக் கூடமாக்குவது என்று முடிவானபோது, அந்த வேலையைக் கவனிக்கும் பொறுப்பு சிவில் பிரிவில் உதவிப் பொறியாளராக இருந்த அன்புக்கரசிக்கு வந்தது. வந்தது என்று சொல்வது சரியில்லை. அவள் கேட்டு வாங்கினாள். மேலதிகாரி ஏன் என்று விசாரித்தபோது அவள் தன் அப்பாவின் கதையைச் சொன்னாள். அந்தக் கதைக்குப் பிறகு யாராலும் மறுக்க முடியாது.

அவள் பிறப்பதற்கு இருபத்தொரு வருடம் முன்பு நடந்தது அது. நிலக்கரி ப்ராஜெக்டுக்கு ஆள் பதிவு செய்யப்போகிறார்கள் என்று ஊர் ஊராகத் தமுக்கு அடித்தார்கள். பெரியவூட்டுக் கூடத்தில் மேசை போட்டு ஓர் அதிகாரியும் எழுத்தரும் உட்கார்ந்திருந்தார்கள். கீழத்தெருவில் ஒருவரும் அதுவரை அந்த வீட்டின் முன்வாசல் படியை மிதித்ததில்லை. பதினெட்டு வயது குஞ்சிதபாதம் இரவல் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, யாரையும் கேட்காமல், நேராக முன்வாசல் வழியாக ஏறிப்போய் மேசைக்கு எதிரே நின்றான். எழுத்தர் பெயரைக் கேட்டுவிட்டு, இவ்வளவு நீளமான பெயரை எந்தக் கட்டத்துக்குள் அடைப்பது என்று அலுத்துக்கொண்டார். “ரெண்டு கட்டத்துல எழுதுங்க சார், நான் ரெண்டு ஆள் வேல செய்யறேன்” என்றானாம் இவன். கூடம் முழுக்கச் சிரித்ததாம். அதைப் பார்த்துத்தான் தெருவே அவன் பின்னால் ஏறி வந்ததாம்.

இந்தக் கதையைக் கேட்காத கல்யாண வீடு வடலூரிலிருந்து கம்மாபுரம் வரை கிடையாது. யூனியன் ஆபீஸில் அவர் பெயரே ‘முன்வாசல்’ என்றாகிவிட்டது. தொண்ணூற்றாறில் சுரங்கத்திலிருந்து ஓய்வுபெற்ற அன்று தொங்கவிட்ட பேனரிலும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். அன்புக்கரசி ஆறாம் வகுப்பில் அதைக் கட்டுரையாக எழுதிப் பரிசு வாங்கினாள். வேலைக்கான நேர்காணலில் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றபோது, தன்னை விட்டுவிட்டு அப்பாவைப் பற்றித்தான் சொன்னாள். எந்த அறைக்குள் நுழையும்போதும் அவளுக்கு அந்த இரவல் சட்டை நினைவுக்கு வரும். நுழைந்துவிடுவாள்.

சீரமைப்பு வேலையை வடிவமைத்தவள் புதுச்சேரியிலிருந்து வந்த ஆசிஃபா. பழைய கட்டடங்களை மட்டுமே தொடுகிற கட்டடக் கலைஞர். முப்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டாள், சுவரில் காதை வைத்துத் தட்டிக் கேட்பாள். கட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும், நடுவில் ஒட்டியதையெல்லாம் எடுக்க வேண்டும் என்பது அவளுடைய விதி. ஸ்டோர் காலத்து சிமெண்ட் தரையை எடுத்தார்கள். பள்ளிக்கூட காலத்துத் தடுப்புகளை எடுத்தார்கள். பச்சை எனாமல் பெயிண்ட்டைச் சுரண்டியபோது தூண்களின் தேக்கு நிறம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. மேஸ்திரி கொளஞ்சிநாதன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இது கண்ணுல பட்டிருந்தா எப்பவோ எவனாவது கதவு செஞ்சிருப்பான், பெயிண்ட் அடிச்சவன் புண்ணியவான் என்றார்.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, பின்சுவரின் பூச்சை உதிர்த்தபோது அந்த இடம் தெரிந்தது. சுவர் முழுக்கக் கையகல மெல்லிய பழைய செங்கல். நெஞ்சு உயரத்தில் ஒரு சதுரம் மட்டும் தடித்த புதுச் செங்கலால் அடைக்கப்பட்டிருந்தது. ஆசிஃபாவுக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. வீட்டுக்காரர்களின் வாரிசு ஒருவர் சென்னையிலிருந்து அனுப்பிய பழைய புகைப்படம் அவளிடம் இருந்தது. அறுவடைக் காலம். பின்சுவரில் ஒரு சிறிய திறப்பு. உள்ளே நிற்பவரின் கையும் நெல் அளக்கும் மரக்காலும் மட்டும் வெளியே நீண்டிருக்கின்றன. கீழே ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் துணியை விரித்து ஏந்தி நிற்கிறது. ஒருவர் முகமும் தெரியாது. எல்லாம் முதுகுகள்.

கூலி ஜன்னல். நெல்லை உள்ளிருந்தபடியே அளந்து கொட்டுவார்கள். அளப்பவர் வெளியே வர வேண்டியதில்லை, வாங்குபவர் உள்ளே வர வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இப்படி ஒன்றை இதுவரை தான் பார்த்ததில்லை என்றாள் ஆசிஃபா. அவள் குரலில் இருந்தது கண்டெடுத்த மகிழ்ச்சி மட்டும்தான், வேறொன்றுமில்லை. வெள்ளிக்கிழமை அதைத் திறந்துவிடலாம், பார்க்க வருகிறவர்கள் முதலில் இங்கேதான் வருவார்கள் என்றாள். விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாக வந்து, அந்தத் திறப்புக்குள் கையை நீட்டிக்கொண்டு படம் எடுத்துக்கொள்வதை அன்புக்கரசியால் இப்போதே பார்க்க முடிந்தது.

அடைத்ததும் சரித்திரம்தானே என்று அவள் வாதாடினாள். ஆசிஃபா பொறுமையாகக் கேட்டாள். யார் அடைத்தது, ஏன் அடைத்தது என்று தெரிந்தால் தன் விதியை மாற்றிக்கொள்ளத் தான் தயார் என்றாள்.

“ஆனா மேடம், ஸ்டோர்கீப்பர் எலி வருதுன்னு அடைச்சிருந்தா? அது சரித்திரமில்லையே. எனக்கு ஒரு காகிதம் வேணும். இல்லன்னா பார்த்த ஆள் ஒருத்தர் வேணும்.”

“ஆள் இருக்காரு” என்றாள் அன்புக்கரசி. “எங்கப்பா.”

அன்று மாலை அவள் குவார்ட்டர்ஸுக்கு வேகமாகப் போனாள். குஞ்சிதபாதத்துக்கு எழுபத்தேழு வயது. மனைவி போன பிறகு மகள் வீட்டோடு இருக்கிறார். தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர், பெரியவூடு என்றதும் ஒலியைக் குறைத்தார். பின்சுவர் என்றதும் அணைத்தார். வெள்ளிக்கிழமை திறக்கப்போவதையும், பார்த்த ஆள் ஒருவர் வேண்டும் என்று ஆசிஃபா கேட்டதையும் அவள் சொன்னாள். அவள் எதிர்பார்த்தது வேறு. கை தட்டிக்கொண்டு ஒரு புதுக் கதை தொடங்குவார் என்று நினைத்திருந்தாள். அவரோ பெருவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“யாருப்பா அடைச்சது அத?”

“எனக்கு எங்க ஞாபகம் இருக்குது.”

“நீ அப்ப அங்கதான இருந்த.”

“தொறந்தா தொறந்துட்டுப் போறாங்க, வுடு பாப்பா. காத்து வரும்.”

எதற்கும் ஒரு கதை வைத்திருக்கும் மனிதர் அன்று சாப்பிடாமல் படுக்கப் போனார். உடம்பு சரியில்லையோ என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடில்லை.

வியாழக்கிழமை காலை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்காகப் பழைய ஆவணங்கள் வந்தன. அவற்றில் முதல் ஆள் பதிவேடும் இருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்து வைப்பது என்று தீர்மானிப்பது அவள் வேலை. யோசிக்க என்ன இருக்கிறது? அப்பாவின் பெயர் இருக்கும் பக்கம். சுண்ணாம்புத் தூசி படாமல் மடியில் துண்டை விரித்து, குழந்தையைப் போல அந்தப் பதிவேட்டை வைத்துக்கொண்டு திறந்தாள்.

முதல் நாள், அக்டோபர் ஒன்று. இருபத்துமூன்று பெயர்கள். குஞ்சிதபாதம் இல்லை. மறுபடி விரல் வைத்துப் படித்தாள். கீழத்தெருவிலிருந்தே ஒருவர் இல்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு, ஆங்கிலத்தில்: வீட்டின் பின்புறம் நாற்பது பேர் நின்றிருக்கிறார்கள், அறைக்கு வரவில்லை, மாலையில்தான் தெரிந்தது, பதினைந்தாம் தேதி மீண்டும் பதிவு வைக்க வேண்டும்.

அவள் பக்கத்தைத் திருப்பினாள். அக்டோபர் பதினைந்து. முப்பத்தேழு பெயர்கள், எல்லாம் கீழத்தெரு. முதல் பெயர் சின்னம்மாள், பெருவிரல் ரேகையோடு. இரண்டாவது, மூன்றாவது. நான்காவதாக குஞ்சிதபாதம். ஒரே கட்டத்துக்குள், எழுத்துகளை நெருக்கி நெருக்கி எழுதியிருந்தது.

வெளியே சுண்ணாம்புக் கலவையைப் புரட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. தான் இத்தனை காலம் சாய்ந்திருந்த ஒன்று சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டது போலிருந்தது. பிறகு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது, செய்தியை அணைத்துவிட்டு நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த முகம்.

இந்தப் பதிவேடு சுவரைக் காப்பாற்றாது. நாற்பது பேர் பின்னால் நின்றார்கள் என்று சொல்கிறது. ஜன்னலை யார் அடைத்தார்கள் என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல உயிரோடிருப்பவர் ஒருவர்தான். அவர் சொல்ல வேண்டுமென்றால், தானும் அங்கேதான் நின்றேன் என்று முதலில் சொல்ல வேண்டும். ஐம்பத்தொன்பது வருடமாக அவர் போட்டிருக்கும் சட்டையைக் கழற்றச் சொல்வது அது. ஒரு சுவருக்காகத் தன் அப்பாவிடம் அதைக் கேட்க அவளால் முடியாது.

மாலையில் ஆசிஃபாவிடம் போய், அப்பாவுக்கு நினைவில்லை, ஆள் கிடைக்கவில்லை, திறந்துவிடுங்கள் என்றாள். பதிவேட்டை மூடியே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கொளஞ்சிநாதன் உளியும் சுத்தியலுமாகப் பின்சுவருக்கு வந்தார். அன்புக்கரசி பார்க்க விரும்பாமல் கூடத்திலேயே நின்றாள். முதல் அடி விழுவதற்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அடி விழவில்லை. பேச்சுச் சத்தம் கேட்டது. மேஸ்திரி யாரையோ முன்பக்கம் வந்து உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். வேணாம் மேஸ்திரி, இங்கயே இருக்கேன் என்ற குரலைக் கேட்டதும் அவள் வீட்டைச் சுற்றி ஓடினாள்.

குஞ்சிதபாதம் தோப்பு வழியாக நடந்தே வந்திருந்தார். வேட்டிக் கரையில் முள் ஒட்டியிருந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் சுவரைப் பார்த்து நின்றார், புகைப்படத்தில் நிற்பவர்களைப் போல. ஆசிஃபா வந்து வணக்கம் சொன்னபோது, நீங்கதான் பார்த்த ஆளு வேணும்னு கேட்டதாமா என்று விசாரித்தார்.

“நான் பார்த்த ஆளு.”

“அப்பா, வேணாம்” என்றாள் அன்புக்கரசி. “நான் பதிவேட்டப் பார்த்துட்டேன். நீ ஒண்ணும் சொல்ல வேணாம்.”

அவர் தலையாட்டினார். அது அவருக்கு ஆச்சரியமாக இல்லை போலிருந்தது. பார்த்தது வரைக்கும் சரி, அதில் இல்லாததைத்தான் சொல்ல வந்தேன் என்றார். பிறகு ஆசிஃபாவைப் பார்த்துப் பேசினார், மகளைப் பார்க்காமல்.

தமுக்கு அடித்தவன் பெரியவூட்டில் ஆள் எடுக்கிறார்கள் என்றுதான் சொன்னான். எந்த வாசல் என்று அவன் சொல்லவில்லை. கீழத்தெருவில் யாரும் கேட்கவுமில்லை. அந்த வீட்டில் எது கொடுத்தாலும் வாங்குகிற இடம் ஒன்றுதான். விடியற்காலையிலேயே குளித்து, தலை வாரி, வந்து வரிசையாக நின்றார்கள். அன்றைக்கு ஜன்னல் உள்ளே தாழ் போட்டிருந்தது. இப்போது திறப்பார்கள், இப்போது திறப்பார்கள் என்று நின்றார்கள். கூடத்தில் மேசை போட்டிருந்த அதிகாரி வடக்கேயிருந்து வந்தவர். வீட்டுக்குப் பின்னால் இப்படி ஒரு வழக்கம் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? உச்சியில் வெயில் ஏறியது. குழந்தைகள் அழுதன. தட்டிக் கேட்கவும் ஒருவருக்கும் கை வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் அதிகாரி காலாற நடந்து பின்பக்கம் வந்தவர், நாற்பது பேர் ஒரு சாத்திய ஜன்னலைப் பார்த்து நிற்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாராம்.

குஞ்சிதபாதம் பேச்சை நிறுத்தினார். கொளஞ்சிநாதன் எப்போதோ உளியைக் கீழே வைத்திருந்தார்.

“எங்கள யாரும் பின்னால போன்னு சொல்லலம்மா. அதான். யாராச்சும் தொரத்தியிருந்தா நான் ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். சண்ட போட்டிருப்பேன். யாருமே சொல்லல. நாங்களா வந்து நின்னுகினு இருந்தோம். காலையிலேர்ந்து பொழுது போற வரைக்கும். அத எப்பிடிச் சொல்றது? எம் பொண்ணுகிட்ட எப்பிடிச் சொல்றது?”

அன்புக்கரசி அவர் கையைப் பிடித்தாள். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை, திரும்பவும் இல்லை.

மீதியையும் சொல்லி முடித்தார். பதினைந்தாம் தேதி கூடத்துக்கு வாருங்கள் என்று அதிகாரி சொல்லி அனுப்பினார். தெருவில் எல்லோரும் சரி என்றார்கள். சின்னம்மாள் என்றொருத்தி மட்டும் நம்பவில்லை. கைம்பெண், முப்பது வருடம் அந்த ஜன்னலுக்குக் கீழே முந்தானையை ஏந்தியவள். ஜன்னல் இருக்கிற வரைக்கும் நம்ம கால் இங்கேதான் வரும் என்று சொன்னாள். ப்ராஜெக்டில் அப்போது கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த நிஜாமுதீன் கொத்தனாரைத் தானே போய்ப் பார்த்தாள். அவர் அதிகாரியைக் கேட்டார். அதிகாரி செங்கல் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சூளையிலிருந்து கல்லைத் தெருக்காரர்கள்தான் தலையில் சுமந்து வந்தார்கள். அடைத்து முடித்த பிறகு சின்னம்மாள் நெருங்கிப் போய், ஈரச்சாந்தில் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தாளாம், கெட்டியாக இருக்கிறதா என்று.

பதினைந்தாம் தேதி முன்வாசலில் முதலில் ஏறியவளும் அவள்தான். பெயரைக் கேட்ட எழுத்தரிடம், ரெண்டு கட்டத்துல எழுது, நான் ரெண்டு ஆளு வேல செய்வேன் என்று சொன்னவளும் அவள்தான். கூடம் சிரித்தது. குஞ்சிதபாதம் அவளுக்குப் பின்னால் நான்காவதாக நின்றுகொண்டிருந்தார், இரவல் சட்டையில்.

“அறுபத்தொன்னுல காய்ச்சல்ல செத்துப்போச்சு. புள்ள குட்டி இல்ல. கேக்க ஆளில்ல. ஒரு நாளு மைன்ஸ்ல சோறு துன்னுகினு இருக்கறப்ப, வெளியூர்ப் பசங்ககிட்ட அந்தக் கதையச் சொன்னேன். ‘யாரு, நீயாண்ணே?’ன்னான் ஒருத்தன். ஆமான்னுட்டேன்.”

முந்திரி இலைகள் உதிர்ந்து சாமான் கொட்டகையின் தகரக் கூரையில் விழும் சத்தம் கேட்டது. ஆசிஃபா சுவருக்குப் போய், அடைத்த சதுரத்தின் மேல் விரல்களை வைத்தாள். பிறகு மேஸ்திரியிடம், இதைத் தொட வேண்டாம், மேலே பூச்சும் வேண்டாம், கல் அப்படியே தெரியட்டும் என்றாள். கையிலிருந்த குறிப்பேட்டைத் திறந்து, பலகையில் எழுத வேண்டும், அந்த அம்மாவின் முழுப் பெயர் என்ன, கணவர் பெயர் என்ன என்று கேட்டாள். குஞ்சிதபாதம் யோசித்தார். கணவர் பெயர் அவருக்குத் தெரியவில்லை. தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

“சின்னம்மாள்னு மட்டும் போடுங்க.”

“உங்க பேரையும் போடலாமா ஐயா?”

அவர் வேண்டாம் என்று கையசைத்தார். பிறகு, போடுங்கள், ஆனால் ஒன்றாம் தேதி இங்கே நின்றவர்களோடு சேர்த்துப் போடுங்கள் என்றார்.

அன்புக்கரசி அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் நீளமான சாலை வெறிச்சென்று கிடந்தது. காலை ஷிஃப்ட் உள்ளே போய்விட்டிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அவள் நேர்காணலில் சொன்னதும் பொய், கட்டுரையில் எழுதியதும் பொய். ஆனால் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு அவள் நுழைந்த அறைகளெல்லாம் நிஜம். இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மெதுவாக ஓட்டினாள்.

“வூட்டுக்கு வேணாம், யூனியன் ஆபீஸாண்ட நிறுத்து” என்றார் அவர்.

“இன்னிக்கே சொல்லணுமாப்பா? அந்தப் பலகை வர்றதுக்கு ரெண்டு மாசம் ஆகும்.”

“அத அவங்க பலகையில படிக்கக் கூடாது.”

ஓய்வுபெற்றவர்கள் ஏழெட்டுப் பேர் வழக்கம்போல வேப்பமரத்தடியில் செய்தித்தாளைப் பங்குபோட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சாலை ஓரத்திலேயே ஸ்கூட்டரை நிறுத்தினாள். நீ போ பாப்பா, நான் வந்துடறேன் என்று சொல்லிவிட்டு அவர் தெருவைக் கடந்தார். அவள் போகவில்லை.

அவரைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். குஞ்சிதபாதம் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். இவ்வளவு தூரத்துக்குச் சொற்கள் கேட்கவில்லை. முதலில் இரண்டு பேர் பழக்கத்தில் சிரித்தார்கள், அவருடைய கதைகளில் எங்கே சிரிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். செய்தித்தாள்கள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின. அவர் ஒரு கையைத் தூக்கி, காற்றில் எதன் மேலோ உள்ளங்கையை வைத்து அழுத்தித் தள்ளிக் காட்டினார். அவர் நின்றபடியே சொல்லிக்கொண்டிருந்தார்.